நான்கடி மூன்றங்குலம்

என் பழைய அலுவலகத்தில் இப்போது வரைபடப் பிரிவைக் கவனித்துக்கொள்ளும் இளங்கோ போன மாதம் ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். முக்காலியில் நிற்கும் ஒரு கருவி தன்னைத்தானே சுற்றிக்கொள்கிறது. அது சுற்றி முடிப்பதற்குள் பழைய கோட்டை ஒன்றின் உள்ளும் புறமும், விரிசல் உட்பட, கணினித் திரைக்கு வந்துவிடுகிறது. கூடவே குரல் செய்தி.

"அண்ணே, நீங்க மூணு வருசம் உக்காந்து வரைஞ்சீங்களே பெரிய வீடு, அதை இந்த மிஷின் மூணு நாள்ல முடிச்சிரும்ணே. ஆனா அந்தப் படிக்கட்டை எப்படிப் பிடிச்சீங்கன்னு இங்க புதுசா வந்தவங்க கேக்குறாங்க. நான் சொன்னா கதை விடுறேன்னு நினைக்கிறாங்க. நீங்களே எழுதி அனுப்புங்க."

எழுதுகிறேன். படிக்கட்டுக்காக மட்டும் அல்ல. அந்த வீட்டைப் பற்றிப் பேச ஒரு சாக்கு கிடைத்தால் நான் விடுவதில்லை.

திருச்சியில் ஐ.டி.ஐ. முடித்த சிவில் டிராஃப்ட்ஸ்மேன் நான். ஆறு வருடம் ஒரு ஒப்பந்தக்காரரிடம் மதகுகளும் சிறு பாலங்களும் வரைந்தேன். பிறகு ஷார்ஜா. மைப் பேனாவிலிருந்து கணினிக்கு மாறியது அங்கேதான். இருபத்திரண்டு மாடிக் கட்டடம் என்றால் இரண்டாம் மாடியை மட்டும் ஒழுங்காக வரைந்துவிட்டு, மீதி இருபதும் இதேபோல என்று கீழே ஒரு வரி எழுதிவிடுவோம். பத்து வருடம் அப்படிப் போனது. அதில் சொல்வதற்கு வேறொன்றும் இல்லை.

இரண்டாயிரங்களின் நடுவில் எங்கள் அலுவலகத்துக்கு ஒரு வேலை வந்தது. அமீரகத்து வணிகர் ஒருவர் இங்கிலாந்தின் கிராமப்புறத்தில் பழைய மாளிகை ஒன்றை வாங்கியிருந்தார். கோடையில் குடும்பத்தோடு போய்த் தங்குவதற்கு. அதை உள்ளே மாற்றிக் கட்ட வேண்டும். அதற்கு முதலில், இருக்கிற வீட்டை இருக்கிறபடி வரைய வேண்டும். அந்தப் பொறுப்பு என்னிடம் வந்தது. வீட்டின் பெயரை வெளியே சொல்வதில்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறோம். எங்களுக்குள் அது 'பெரிய வீடு'. இன்றும் எனக்கு அதுதான் பெயர்.

அங்கே பீட்டர் என்ற சர்வேயர் டேப்பும் கருவியுமாக ஒவ்வோர் அறையாக அளந்து, தாளில் கையால் குறித்து, புகைப்படக் குறுந்தகடுகளோடு கூரியரில் அனுப்புவார். நான் ஷார்ஜாவில் அதை வரைபடமாக்குவேன். பீட்டரை நான் பார்த்ததில்லை. அவர் கையெழுத்துதான் பழக்கம். தாளின் ஓரத்தில் எதையாவது எழுதிவைப்பார். 'இன்று நாள் முழுக்க மழை, டேப் நனைந்துவிட்டது.' 'இந்த அலமாரிக்குள் வௌவால் இருக்கிறது, ஆழம் அளக்கவில்லை.' ஆகஸ்ட் மாதம், ஷார்ஜாவின் ரோலா பகுதியிலிருந்து பஸ் பிடித்து, சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ள அலுவலகம் வந்து உட்கார்ந்து, அந்த மழைக் குறிப்பைப் படிப்பேன். எங்கோ ஓடுகளில் தண்ணீர் இறங்கும் சத்தம் காதில் கேட்கிற மாதிரி இருக்கும்.

எனக்கு மேலே இருந்தவர் பவானி மேடம். யாழ்ப்பாணத்துக்காரர், லண்டனில் படித்த ஆர்க்கிடெக்ட், என்னைவிட ஏழெட்டு வயது இளையவர். முதல் நாளே என்னை அண்ணை என்றார். நான் மேடம் என்பதை விடவில்லை, அவரும் வற்புறுத்தவில்லை. பிளானை அவர் படிக்கும் விதத்தை நான் வேறு எவரிடமும் கண்டதில்லை. அச்செடுத்த தாளை மேசையில் விரித்து, வாசல் கதவில் ஆள்காட்டி விரலை வைப்பார். விரல் நடக்கும். நடையைக் கடக்கும், அறைக்குள் போகும், சன்னலருகே நிற்கும், வந்த கதவு வழியாகவே திரும்பும். எவ்வளவு அவசரமானாலும் விரல் ஒரு சுவரைத் தாண்டாது. பக்கத்து அறைக்குப் போக வேண்டுமென்றால் கதவைத் தேடிச் சுற்றிக்கொண்டுதான் போவார். நாங்கள் நாலைந்து பேர் பக்கத்தில் நின்று அந்த விரலையே பார்த்துக்கொண்டிருப்போம்.

ஒவ்வொரு சுவரிலும் நின்று ஒரே கேள்விதான். "இதை ஆர் கட்டினது? ஏன் கட்டினவை?"

தெரியாது என்று சொன்னால் கோபப்பட மாட்டார். "அப்ப தெரியாது எண்டு எழுதிவையுங்கோ," என்பார். தெரியாததைத் தெரிந்த மாதிரி வரைவதுதான் அவருக்குப் பிடிக்காது.

அந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டே வீடு எனக்குப் பிடிபட்டது. நடுவில் கல்லால் ஆன கூடம். ஐந்நூறு வருடப் பழசு. சுவரின் தடிமன் அரை ஆள் நீளம். அதன் இரு பக்கமும் நூறு வருடம் கழித்து யாரோ செங்கல்லில் சிறகுகள் சேர்த்தார்கள். அதற்குப் பின்னால் வந்தவருக்கு முகப்பு பிடிக்கவில்லை. முன்னால் தூண்களோடு ஒரு புதிய முகத்தை ஒட்டினார். இரு பக்கமும் ஒரே மாதிரி தெரிய வேண்டுமென்று, உள்ளே சுவர் இருக்கும் இடத்திலும் வெளியே பொய்ச் சன்னல்கள் வைத்தார். அதன் பிறகு வந்தவர்கள் வேலைக்காரர்களுக்கென்று பின்னால் ஒரு தனிப் பகுதி கட்டினார்கள். எசமானர்கள் கண்ணில் படாமல் நடமாட மறைவான நடைகள், அழைப்பு மணிகளுக்குச் சுவரோரம் கம்பிகள். போர்க் காலத்தில் அது மருத்துவமனையாக இருந்திருக்கிறது. அப்போது இரும்பு ஏணி ஒன்றும் வரிசையாகக் கழிப்பறைகளும் வந்தன. ஐந்து காலத்துக்கு ஐந்து நிறம் கொடுத்து வரைந்தேன். வீட்டை வாங்கிய வணிகர், அதாவது எங்கள் முதலாளிக்காக வரப்போகிற மஜ்லிஸ் என்கிற விருந்தினர் கூடம், லிஃப்ட், பெண்களுக்குத் தனி வாசல் எல்லாம் ஆறாவது நிறம். அந்த வீட்டில் ஒரு சுவர் மற்றொன்றுக்கு இணையாக இல்லை. மீதியும் இதேபோல என்று எழுத ஒரு மாடிகூட இல்லை. எனக்கு அதுதான் பிடித்துப்போனது.

அந்த வருடங்களில் ஷார்ஜாவில் வாடகை ஏறிய வேகத்தில் நிறையக் குடும்பங்கள் ஊர் திரும்பின. என் மனைவி கமலாவையும் மகளையும் நானும் திருச்சிக்கு அனுப்பிவிட்டு, ரோலாவிலேயே ஓர் அறையில் ஐந்தாவது ஆளாகக் கட்டில் பிடித்தேன். வெள்ளிக்கிழமை போனில் பேசும்போது வீட்டுச் செய்தி தீர்ந்ததும் கமலா பெரிய வீட்டைப் பற்றிக் கேட்பாள். சமையலறை எங்கே இருக்கிறது என்று ஒருமுறை கேட்டாள். சாப்பாட்டு அறையிலிருந்து நூற்று முப்பது அடி தள்ளி, இரண்டு நடை கடந்து என்றேன்.

"எதுக்கு அவ்வளவு தூரம்?"

"சமையல் வாசனை வரக்கூடாதுன்னு."

"அப்ப அந்த வீட்டுல ஒரு மனுசனும் சூடா சாப்பிட்டதே இல்லைன்னு சொல்லுங்க."

மறுநாள் பவானி மேடத்திடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். "அக்காவுக்குத்தான் அந்த வீடு விளங்கியிருக்கு," என்றார்.

இனி படிக்கட்டு.

முதல் மாடியில், பழைய கூடத்துக்கு மேலே, அடுத்தடுத்து இரண்டு அறைகள். ஒன்று நூலகம், மற்றது பச்சைத் தாள் ஒட்டிய படுக்கையறை. இரண்டுக்கும் நடுவே கதவு கிடையாது. இரண்டுக்கும் வெளியே நீளமான நடையிலிருந்துதான் வழி. இந்த நடுச்சுவரை எடுத்துவிட்டு, இரும்பு உத்திரம் கொடுத்து, ஒரே பெரிய மஜ்லிஸாக்குவது திட்டம். சுவர் இரண்டடி தடிமன் என்று எல்லோரும் வைத்துக்கொண்டோம். கீழே அதே இடத்தில் பெரிய கணப்பு இருந்தது. அதன் புகைபோக்கி வளைந்து வெளிச்சுவர் வழியாகப் போவதாகவும் நினைத்துக்கொண்டோம்.

நடையில் இந்த இரண்டு அறைகளும் உள்ள பகுதியின் நீளத்திலிருந்து அவற்றின் நீளத்தைக் கழித்தால் சுவர்களின் தடிமன் மிஞ்ச வேண்டும். டேலி ஆகவில்லை. நான்கடி மூன்றங்குலம் அதிகமாக மிஞ்சியது.

முதலில் என் தவறென்றுதான் நினைத்தேன். அடி அங்குலத்தை மில்லிமீட்டருக்கு மாற்றும்போது வழுக்கியிருக்கும். மறுபடி போட்டேன். அதே நான்கடி மூன்றங்குலம். பீட்டரின் தாளை எடுத்து எண்ணுக்கு எண் விரல் வைத்துச் சரிபார்த்தேன். பதினாறு பதினேழு வருட வேலைக்காரன், ஒரு நடை நீளத்தைக் கூட்டத் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேனே என்று வெட்கமாக இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை வரைபடங்கள் முழுக்க முதலாளி பக்கத்துக்குப் போயாக வேண்டும். புராஜெக்ட் மேனேஜர் ஃபாதி, லெபனான்காரர், வியாழன் மதியம் என் மேசைக்கு வந்தார். திரையில் அந்த நடுச்சுவரை மட்டும் நான் கோடுகளை இணைத்து மூடாமல் வைத்திருந்ததைப் பார்த்தார்.

"யா மூர்த்தி, என்ன பிரச்சினை?"

சொன்னேன்.

"நாலடிதானே? நடையில பத்துச் சுவர் இருக்கு. ஆளுக்குக் கொஞ்சம் பங்கு போட்டுக் கொடு. கலாஸ், முடிஞ்சது."

அவர் சொன்னதில் விசித்திரம் ஒன்றும் இல்லை. பழைய கட்டடத்தில் அரை அங்குலம் ஓரங்குலம் என்றால் நாங்கள் எல்லோருமே அப்படிச் செய்திருக்கிறோம். யாருக்கும் தெரியாது. நானும் சுட்டியைப் பிடித்து முதல் சுவரைக் கொஞ்சம் தடிப்பாக்கினேன். அடுத்ததையும் தடிப்பாக்கினேன். மூன்றாவதில் கை நின்றுவிட்டது. பீட்டர் மழையில் நனைந்து அளந்ததை நான் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து அழிக்கிறேன் என்று தோன்றியது. இரண்டு சுவர்களையும் பழையபடி ஆக்கினேன்.

"சார், இதை என்னால மூட முடியாது," என்றேன்.

ஃபாதி கெட்டவர் இல்லை. ஆனால் அவருக்கும் மேலே ஆட்கள் இருந்தார்கள். "மூர்த்தி, சனிக்கிழமை இது போகல்லைன்னா, அடுத்த வாரம் இந்த நாற்காலியில வேற ஆள் இருப்பான். நான் சொல்லல்ல, அவங்க சொல்வாங்க," என்றார். வளைகுடாவில் நாற்காலி போனால் விசா போகும். மகள் அப்போது ஒன்பதாம் வகுப்பு.

பவானி மேடத்திடம் போனேன். தாளை விரித்து, வழக்கம்போல வாசலிலிருந்து புறப்பட்டார். மாடி ஏறி, நூலகத்துக்குள் போய், வெளியே வந்து, பச்சை அறைக்குள் போய், வெளியே வந்து, நடையில் நின்றார். விரல் அங்கேயே நின்றது.

"அண்ணை, நீங்கள் பிழை விட்டிருக்க ஏலாதோ?"

"நாலு தடவை போட்டுப் பார்த்துட்டேன் மேடம்."

"பீட்டர் பிழை விட்டிருக்க ஏலாதோ?"

"விடலாம். ஆனா அவர் வௌவாலுக்குப் பயந்து அளக்காததைக்கூட எழுதி அனுப்புறவர்."

தாளிலிருந்து விரலை எடுத்தார். "அப்ப மூண்டாவது ஆள்தான் மிச்சம். வீடு," என்றார். அங்கேயே பீட்டரை அழைத்தார். பீட்டர் அப்போது பெரிய வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் இருந்தாராம். நாளை காலை போகிறேன் என்றார். ஃபாதியிடம் மேடமே போய்ப் பேசினார். என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. வெளியே வந்த ஃபாதி என்னைப் பார்த்து இரண்டு கைகளையும் மேலே தூக்கிக் காட்டிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை விடுமுறை. மதியம் அறையில் சாம்பாருக்குப் பருப்பு வேகவைத்துக்கொண்டிருந்தபோது மேடம் அழைத்தார். 

"அண்ணை, அளவு சரி. பீட்டர் நூலகத்துப் புத்தகத் தட்டுக்குப் பின்னால தட்டிப் பாத்தவர். பொள்ளல் சத்தம், உள்ளுக்க வெறுமை. ஒரு பலகையைக் கழட்டி, செங்கல் ஒண்டை எடுத்து, டோர்ச் அடிச்சுப் பாத்தவர். உள்ளுக்க படிக்கட்டு அண்ணை. சுழல் படி. கல்லுப் படி. ஆரோ மூடி வைச்சிருக்கினம்."

நான் அடுப்பை அணைத்துவிட்டு, கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்தப் படிக்கட்டை ஒட்டியே புகைபோக்கி மேலே போயிருந்தது. வளைந்து வெளிச்சுவருக்குப் போகவே இல்லை. கூரைக்கு மேலே தெரிந்த அந்தப் பெரிய செங்கல் அடுக்கு முழுக்க இதன் மேல்தான் உட்கார்ந்திருந்தது. இரண்டடிச் சுவர் என்று கணக்கிட்ட உத்திரம் அதைத் தாங்கியிருக்காது என்று அங்கிருந்த பொறியாளர் பிறகு எழுதினார். சுவரை இடிக்கும் ஆட்கள் அடியில்தான் நின்றிருப்பார்கள்.  இரண்டு சுவரைத் தடிப்பாக்கிய கை என்னுடையதுதானே.

பீட்டர் அனுப்பிய படங்களை அடுத்த வாரம் பார்த்தோம். படிகள் நடுவில் குழிந்து தேய்ந்திருந்தன. எத்தனையோ தலைமுறைக் கால்கள். ஆனால் உச்சியில் மூன்று படிகள் மட்டும் விளிம்பு மழுங்காமல், புதிதாக இருந்தன. பழையவை உடைந்து, யாரோ ஒரு கல்தச்சர் புதிதாகச் செதுக்கிப் பொருத்தியிருக்கிறார். பொருத்திய கொஞ்ச நாளில், தேய்வதற்குள், புதிய எசமானர் வேறிடத்தில் அகலமான மரப்படி கட்டி இதை மூடச் சொல்லியிருக்கிறார். அந்த மூன்று படிகளை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு ஒழுங்கான வேலை. இதை மூடப்போகிறார்கள் என்று அந்த மனிதரிடம் யாராவது முன்பே சொல்லியிருப்பார்களா என்று யோசித்தேன்.

முதலாளி ஒருநாள் அலுவலகத்துக்கு வந்தார். எழுபது வயதிருக்கும். இளமையில் பம்பாயோடு வியாபாரம் செய்தவர், இந்தி சரளமாக வரும். அளவு பார்த்தவன் யார் என்று கேட்டு, என் மேசைக்கே வந்து, நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். படிக்கட்டை எங்கே வரைந்திருக்கிறாய், காட்டு என்றார். காட்டினேன்.

"பாய், நான் பிறந்த வீடு கடல் கல்லில் கட்டியது. என் அப்பாவும் அவர் அப்பாவும் அறை அறையாகச் சேர்த்தது. கையில் பணம் வந்ததும் நானே ஆள் வைத்து இடித்தேன். ஒரு காகிதம்கூட எடுத்து வைக்கவில்லை. இப்போது என் பேரன் கேட்கிறான், கிணறு எந்தப் பக்கம் இருந்தது என்று. எனக்கு நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை." திரையைத் தொடாமல் விரலால் காட்டினார். "இதைத் தொடாதீர்கள். மஜ்லிஸ் வேறு எங்காவது வரட்டும். இதற்கு ஒரு கதவு மட்டும் வையுங்கள்."

எழுந்தவர் திரும்பி, "நீ அந்த வீட்டைப் பார்த்திருக்கிறாயா?" என்றார்.

"இல்லை, ஷேக்."

"அடுத்த முறை என்னோடு வா."

வெறும் வாய்வார்த்தை என்று நினைத்தேன். இல்லை. அழைப்புக் கடிதம் வந்தது. கைரேகை கொடுத்தேன். கொஞ்ச வாரத்தில் என் பாஸ்போர்ட்டில் இங்கிலாந்து விசா. கமலா போனில் ஸ்வெட்டர் வாங்கினீர்களா என்று தினமும் கேட்டாள். வாங்கினேன். ஷார்ஜா வெயிலில் அதைக் கண்ணாடி முன் போட்டுப் பார்த்ததை அறை நண்பர்கள் வெகுநாள் சொல்லிச் சிரித்தார்கள்.

அந்த மாதம்தான் எல்லாம் நின்றது. உலகமெங்கும் வங்கிகள் சரிந்த நேரம். துபாயில் கிரேன்கள் திரும்பாமல் நின்றதை பஸ்ஸிலிருந்தே பார்க்கலாம். முதலாளி வேலையை நிறுத்தினார். படிக்கட்டுக்குக் கதவு வைத்ததோடு சரி. பெரிய வீடு விற்பனைக்கு வந்தது. எங்கள் அலுவலகத்தில் மூன்றில் ஒருவர்தான் மிஞ்சினோம், பிறகு அதிலும் நான் இல்லை. ஒரு மாதத்துக்குள் நாட்டைவிட்டுப் போக வேண்டும். பவானி மேடம் லண்டனுக்கு, நான் திருச்சிக்கு.

இங்கிலாந்து விசா இன்னும் நான்கு மாதம் செல்லும். "ஒரு நடை போய்ப் பாத்துட்டு வந்துருங்களேன்," என்றாள் கமலா. உண்மையாகத்தான் சொன்னாள். ஆனால் அழைத்தவரே அந்த வீட்டை விட்டுவிட்டார். வேலை இல்லாத ஒருவன், பூட்டிய வீட்டின் முன்னால் போய் யாரிடம் என்ன சொல்லி நிற்பது? பீரோவில் பாஸ்போர்ட்டுக்குள்ளேயே விசா காலாவதியானது. அது முடிந்த நாள் எனக்குத் தெரியும். யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த குளிர்காலத்தில் ஒரு மதியம், சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்திருந்தேன். வெளிநாட்டு எண்.

"அண்ணை, பவானி கதைக்கிறன். எங்க நிக்கிறன் எண்டு சொல்லுங்கோ பாப்பம்."

வீட்டை வாங்க வந்தவர்கள், வரைபடங்களோடு ஒப்பிட்டுப் பார்த்துத் தரும்படி அவரைக் கேட்டிருக்கிறார்கள். பின்வாசல் சாவியோடு தனியாகப் போயிருக்கிறார். மின்சாரம் துண்டிக்கப்பட்டிருக்கிறது. சன்னல் கதவுகளுக்கெல்லாம் வெளியே பலகை அடித்திருக்கிறார்கள். வெளியே காலை பத்து மணி, உள்ளே கும்மிருட்டு. மாடியில் சுற்றும்போது டார்ச் அணைந்துவிட்டது.

"சிரிக்காதேங்கோ. வழி தெரியேல்லை. பிளான் கையிலதான் இருக்கு, வாசிக்க வெளிச்சம் இல்லை, போன் வெளிச்சம் காணாது."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "கையில என்ன படுது மேடம்?"

"சுவரில மரப்பலகை. இடுப்பளவுக்குத்தான். மேல சாந்து."

"அப்ப வேலைக்காரங்க பகுதி, ரெண்டாவது மாடி. பழைய வீட்டுல பலகை தலைக்கு மேல வரை போகும். இடது கையைச் சுவர்லேர்ந்து எடுக்காம நடங்க. மூணு கதவு தாண்டினதும் ரெண்டு படி இறங்கும். முதல் படி ஆறு அங்குலம். அடுத்தது எட்டு, பார்த்து வைங்க."

காலடிச் சத்தம் கேட்டது. பலகைத் தரையின் முனகல் கேட்டது. நான் மூன்று வருடம் கோடுகளாக மட்டும் பார்த்த தரை.

"ஓம், இறங்கிட்டன். எட்டுத்தான்."

"இப்ப வலது. பதினாலு அடி நேரா. காத்து சில்லுன்னு வரும், இரும்பு ஏணிக் கதவு அது, விட்டுருங்க. அடுத்த திருப்பத்துல மரப்படி."

கமலா அறை வாசலில் வந்து நின்றாள். யார் என்று கையால் கேட்டாள்.  நான் கண்களை மூடிக்கொண்டேன். மரப்படியில் பவானி மேடத்தை இறக்கி, நூலகத்தைத் தாண்டி, பச்சை அறையைத் தாண்டி, நீளமான நடையின் கோடிக்குக் கொண்டுபோய், பின்படி வழியாகக் கீழே இறக்கி, அவர் நுழைந்த பின்வாசலைவிடப் பக்கத்திலிருந்த தோட்டத்துக் கதவு வரை கூட்டிவந்தேன். நடுவே இரண்டு இடத்தில் லைன் கட்டானது. இரண்டு முறையும் அவர் நகராமல் நின்ற இடத்திலிருந்தே அழைத்தார்.

"கதவு முன்னால நிக்கிறீங்க. தாழ் இடுப்பு உயரத்துல. நீக்கிட்டு, கதவை உங்க பக்கம் இழுங்க."

"வருகுதில்லை."

"நல்லா இழுங்க மேடம்."

"இல்லை அண்ணை. இறுகி நிக்குது." அவர் மூச்சு வாங்குவது கேட்டது. பிறகு ஏதோ மோதும் சத்தம், கிறீச்சென்று ஒரு நீண்ட ஒலி, காற்று. அதன் மேல் அவருடைய சிரிப்பு.

"அண்ணை, இது வெளிப்பக்கமாத் திறக்கிற கதவு. தள்ளினன், திறந்திட்டுது. நீங்கள் பிளானில உள்பக்கம் போட்டிருக்கிறியள்."

பீட்டரின் படத்தில் அந்தக் கதவு மூடியிருந்தது. குறிப்பிலும் இல்லை. மற்ற கதவுகளைப் போலத்தான் இருக்கும் என்று நானாகப் போட்டுவிட்டேன்.

"வெளிய வந்தாச்சா?"

"வந்திட்டன். தூறுது. புல்லெல்லாம் நனைஞ்சு கிடக்கு."  "இந்தக் கதவை நான் திருத்திப்போடட்டோ?"

"வேணாம் மேடம்," என்றேன். "அப்படியே இருக்கட்டும். நான் வந்து பார்த்துட்டுத் திருத்துறேன்."

அவர் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு, "ஓம், வாங்கோ," என்றார்.

இதுவரை போகவில்லை. என் பிளானில் அந்தக் கதவு இன்றும் உள்பக்கமாகத்தான் திறக்கிறது.